ஒரே மண்ணில் இரண்டு டீச்சர்கள்

டீச்சர் கதை என்று வந்துவிட்டால் நம்மவர்களிடம் விமர்சனம் எடுபடுவதில்லை. ஒத்தை அறைப் பள்ளிக்கூடம், குளிரிலும் மழையிலும் நடந்து வருகிற பிள்ளைகள், கையில் சாக்பீசோடு ஒரு இளம்பெண். இந்தப் படத்தைக் காட்டினால் போதும், கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறோம். எழுத்து மறுக்கப்பட்ட சனங்களுக்கு எழுத்தைக் கொண்டுவந்தவர்கள் மேல் அப்படியொரு நன்றி இருப்பது நியாயம்தான். ஆனால் அந்த டீச்சர் யாருடைய மண்ணில் நின்று பாடம் சொன்னார், எதிரே யாருடைய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், அந்த மண்ணின் சொந்தப் பிள்ளைகள் அப்போது எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் அப்படிக் கும்பிடப்பட்ட டீச்சர் லாரா இங்கல்ஸ் வைல்டர். 1867இல் விஸ்கான்சின் காட்டோரத்தில் பிறந்து, மேற்கு நோக்கிப் போன ஒரு ஏழைக் குடியேறிக் குடும்பத்தில் வளர்ந்தவர். அறுபத்தைந்து வயதில், 1932இல், முதல் புத்தகம் போட்டார். 1943க்குள் எட்டுப் புத்தகங்கள். மூன்று தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் இவற்றை வாசித்துத்தான் தங்கள் தேசம் எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டார்கள். 1974 முதல் 1983 வரை தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது.

வெள்ளைக்காரக் குடியானவப் பெண்ணின் கதைக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். தன்வரலாறும் சாட்சியமும் குடும்பக் கதையும் நமக்குப் பொழுதுபோக்கு கிடையாது. எழுதுகிறோம், வாசிக்கிறோம், அதை வைத்துச் சண்டையும் போடுகிறோம். ஒரு குடும்பத்தின் பாடு எப்படி ஒரு தேசத்தின் பெருமையாக மாற்றப்படுகிறது, மாற்றும்போது எதையெல்லாம் வெட்டி எறிகிறார்கள் என்பதற்கு இதைவிடத் துலக்கமான பிரதி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அந்த டீச்சர் வேலையைப் பார்ப்போம். லாரா ஆசைப்பட்டு டீச்சர் ஆகவில்லை. அம்மா கரோலின் கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர். தன் பெண்களில் ஒருத்தியாவது டீச்சர் ஆகவேண்டும் என்பது அவர் கனவு. மூத்தவள் மேரி ஆகியிருக்க வேண்டும். 1879இல் காய்ச்சல் வந்து மேரிக்குக் கண்பார்வை போனது. அக்காவின் கனவு தங்கச்சி தலையில் விழுந்தது. 1883க்கும் 1885க்கும் இடையில், டகோட்டா பிரதேசத்தில் டி ஸ்மெட் என்ற ரயில்பாதை ஊரைச் சுற்றி, மூன்று பருவம் லாரா பாடம் சொன்னார். கடைசித் தேர்வு எழுதி அவர் பள்ளிப் படிப்பை முடித்ததேயில்லை. ஒரு பருவம் டீச்சர், அடுத்த பருவம் மறுபடி மாணவி, நடுவில் தையல்கடையில் கூலி. கையில் இருந்தது மூன்றாம் தரச் சான்றிதழ், இருப்பதிலேயே கடைசித் தரம்.

நாவல்படி முதல் பள்ளியில் மாதம் 20 டாலர். இரண்டு மாதம், 40 டாலர். ஊரிலிருந்து 12 மைல் தள்ளி, யாரோ விட்டுப்போன பலகைக் குடிசைதான் பள்ளிக்கூடம். பலகை இடுக்கில் பனி உள்ளே விழும். ஐந்தே பிள்ளைகள், அதில் சிலர் டீச்சரைவிட உயரம். வகுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனிப் பாடத்தை ஒப்பிக்க வேண்டும், மற்றவர்கள் அதுவரை அவரவர் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டீச்சருக்குத் தங்க இடம் பள்ளியை நடத்துகிறவர் வீட்டிலேயே. அந்த வீட்டுக்காரி, புல்வெளியின் தனிமை தாங்காமல் மனம் பேதலித்தவள். ராத்திரியில் கையில் கத்தியோடு புருஷன் முன்னால் நிற்கிறாள். தடுப்புத் துணிக்கு அந்தப்பக்கம் படுத்திருக்கிற சின்னப் பெண் இதைப் பார்த்துவிட்டு, தூங்காமல் விடியும்வரை கிடக்கிறாள். காலையில் எழுந்துபோய்ப் பாடம் சொல்லியாக வேண்டும். சம்பளம் வேண்டுமே. மேரி பார்வையற்றோர் கல்லூரியில் படிக்கிறாள். பணம் அவளுக்கும் வீட்டுக்கும்.

இந்தப் பக்கங்களை வாசித்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்தது. குடும்பத்துக்காகப் பிடிக்காத வேலைக்குப் போன பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! வைல்டரின் எழுத்தில் இருக்கிற பலமே இதுதான். ரொட்டி சுடுவது, வைக்கோலை முறுக்கி அடுப்பெரிப்பது, பலகை அறுத்துக் கதவு செய்வது என்று கை செய்கிற வேலையை அவர் எழுதுகிற மாதிரி எழுத நம் யதார்த்தவாதிகள் பலருக்கு வராது. உடல் உழைப்பைக் கொச்சைப்படுத்தாமல், காவியமாக்கி ஊதிப்பெருக்காமல் எழுதியிருக்கிறார். அதை மறுத்துவிட்டு விமர்சனம் பண்ணினால் அது விமர்சனமே ஆகாது.

இனி, வெட்டி எறிந்தது.

இந்த நாவல்களுக்கு முன்னால் ஒரு பிரதி இருந்தது. 1930இல் லாரா தன் வாழ்க்கையைத் 'தன்மை'யில், நான் என்று சொல்லி எழுதினார். பெயர் 'பயனியர் கேர்ள்'. பதிப்பாளர்கள் யாரும் வாங்கவில்லை. 84 வருஷம் கழித்து, 2014இல்தான் அது விரிவான குறிப்புகளோடு அச்சில் வந்தது. வந்த பிறகு பார்த்தால், நாவலில் இல்லாத ஒரு குடும்பம் அதில் இருக்கிறது. 1875இல் பிறந்து 1876இல் ஒன்பது மாதக் குழந்தையாகச் செத்துப்போன தம்பி இருக்கிறான். அயோவா மாநிலத்து பர் ஓக்கில் ஒரு ஓட்டலை ஒட்டிக் குடும்பமே வேலை பார்த்த காலம் இருக்கிறது. வாடகை பாக்கியைத் தள்ளிக் கொடுக்க வீட்டுக்காரன் சம்மதிக்காததால் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி கட்டி ஊரைவிட்டு ஓடியதும் இருக்கிறது. நாவலில் இந்த ஊரே கிடையாது, தம்பியும் பிறக்கவேயில்லை.

கடன், சாவு, ஓட்டம். நம் தன்வரலாறுகளில் முதல் பக்கத்திலேயே வருகிறவை இவை. அங்கே இவற்றை மறைத்தால்தான் புத்தகம் புத்தகமாகும் என்று இருந்திருக்கிறது. 'நான்' என்பது 'லாரா' என்று படர்க்கைக்கு மாறியபோது அவமானம் கழன்று விழுந்துவிட்டது. இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மனப்பாடம் பண்ணினோமே, அது வெறும் இலக்கணமா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மறைத்ததில் இன்னொரு வகை உண்டு, அது கொஞ்சம் விஷமமானது. 1870களில் மினசோட்டாவில் வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்று தீர்த்தது. அப்போது அப்பா சார்ல்ஸ், தான் எந்த வகையும் இல்லாதவன் என்று அரசுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு நிவாரண மாவு வாங்கினார். நாவலில் வெட்டுக்கிளி உண்டு, கையெழுத்தும் மாவும் கிடையாது. மேரியின் கல்லூரி அயோவாவில், விண்டன் ஊரில் இருந்தது. டகோட்டாவில் பார்வையற்றோருக்குப் பள்ளி இல்லாததால் மேரியின் கல்விக் கட்டணத்தை டகோட்டா பிரதேச அரசுதான் கட்டியது. லாராவின் சம்பளமும் மேரிக்கு உதவியது உண்மை. ஆனால் நாவலை வாசிக்கிறவனுக்கு, ஒரு குடும்பம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, யார் தயவும் இல்லாமல் மகளைப் படிக்கவைத்தது என்று மட்டும்தான் தெரியும். பொதுப்பணம் மாயமாகிவிட்டது.

இது தற்செயல் இல்லை. எழுத்தை உட்கார்ந்து திருத்தியவர் மகள் ரோஸ் வைல்டர் லேன். அந்தக் காலத்தில் அம்மாவைவிடப் பிரபலமான எழுத்தாளர். எவ்வளவு திருத்தினார், எவ்வளவு எழுதியே கொடுத்தார் என்பதில் சண்டை இருக்கிறது. எழுதியதே மகள்தான் என்கிற அளவுக்கு வில்லியம் ஹோல்ட்ஸ் 1993இல் ஒரு புத்தகம் போட்டார். அந்தச் சண்டை நமக்கு முக்கியமில்லை. ரோஸ், 1930களின் பொருளாதார நெருக்கடியில் ரூஸ்வெல்ட் அரசு ஏழைகளுக்குக் கொடுத்த நிவாரணத்தையும் ஓய்வூதியத்தையும் ஆவேசமாக எதிர்த்தவர். அரசு எதுவும் தரக்கூடாது, தனிமனிதன் தன் காலில் நிற்கவேண்டும் என்ற கட்சி. எட்டாவது நாவல் வந்த அதே 1943இல் அவருடைய 'சுதந்திரத்தின் கண்டுபிடிப்பு' என்ற அரசியல் நூலும் வந்தது. அம்மாவின் குடும்பம் அவர் கட்சிக்குச் சாட்சியாக வேண்டியிருந்தது. தாத்தா மாவு வாங்கிய கையெழுத்தை அங்கே எப்படி வைக்க முடியும்? கேரொலைன் ஃப்ரேசர் 2017இல் எழுதி, 2018இல் புலிட்சர் பரிசு வாங்கிய வாழ்க்கை வரலாற்றில் இதையெல்லாம் ஆவணத்தோடு வெளியே எடுத்துவைத்துவிட்டார்.

ஆனால் அரசு கொடுத்ததிலேயே பெரிய தர்மம் மாவும் இல்லை, கல்லூரிக் கட்டணமும் இல்லை. நிலம். 1862ஆம் வருஷத்துக் குடியேற்ற நிலச் சட்டம், கொஞ்சம் கட்டணம் கட்டி ஐந்து வருஷம் குடியிருந்து பயிர்செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்றது. நாவலில் அப்பா இதைச் சர்க்காரோடு கட்டுகிற பந்தயம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார், 14 டாலருக்கு 160 ஏக்கர். சர்க்காருக்கு அந்த நிலம் எங்கிருந்து வந்தது என்று எட்டுப் புத்தகத்திலும் யாரும் கேட்பதில்லை. காலி நிலம். ஆளில்லாத நிலம். நம் ஊர்க் கணக்குப் புத்தகத்தில் இருக்கிற 'புறம்போக்கு' என்ற சொல் ஞாபகம் வருகிறது. மாடு மேய்த்து, விறகு பொறுக்கி, குடிசை போட்டு சனங்கள் இருக்கிற இடம்தான் கணக்கில் யாருக்கும் சொந்தமில்லாத இடம்.

1935இல் வந்த 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி'தான் இந்த வரிசையில் ரொம்பப் பிரபலமானது. கதை நடப்பது கான்சஸில், 1869 முதல் 1871 வரை. குடும்பம் வீடு கட்டிய இடம் ஓசேஜ் மக்களின் ஒதுக்கீட்டு நிலம். அரசு அதைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிடவே இல்லை. பச்சையாகச் சொன்னால் ஆக்கிரமிப்பு. இப்படி ஆயிரக்கணக்கில் வெள்ளையர் உள்ளே புகுந்து உட்கார்ந்ததால்தான், 1870இல் ஓசேஜ் மக்கள் நிலத்தை விற்றுவிட்டு இப்போதைய ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. நாவலில் ராணுவம் வந்து வெள்ளையரைத் துரத்தப்போகிறது என்று கேள்விப்பட்டு அப்பா கோபமாக வண்டி கட்டுகிறார். அநியாயம் செய்யப்பட்டவர் அவர்தான் என்று வாசகன் நினைத்துக்கொள்ள வேண்டும். லாராவின் தன்வரலாற்றுப் பிரதியோ, ராணுவத்தோடு சேர்த்து, விஸ்கான்சின் நிலத்தை வாங்கியவர் பணம் கட்டாமல் போனதையும் சாதாரணமாகச் சொல்கிறது.

அந்த நாவலின் முதல் பக்கத்தில், அப்பா போக விரும்பிய நாட்டில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டும் இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம். பதினேழு வருஷம் யார் கண்ணிலும் அது உறுத்தவில்லை. ஆசிரியர்கள் வாசித்தார்கள், நூலகர்கள் வாசித்தார்கள், விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். 1952இல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் அந்த ஆசிரியருக்கே விளங்கியது. வைல்டர் வருத்தப்பட்டு ஒத்துக்கொண்டார். அடுத்த பதிப்பில் 'மனிதர்கள்' என்ற சொல் 'குடியேறிகள்' ஆனது. ஒரு சொல்லை மாற்றினால் வாக்கியம் சரியாகிவிடும். வாக்கியத்தின் மேல் கட்டியிருக்கிற வீட்டை என்ன செய்வது? அதே புத்தகத்தில், செத்துப்போன இந்தியனைத் தவிர நல்ல இந்தியன் கிடையாது என்ற பொருளில் ஒரு பேச்சு மூன்று இடத்தில் வருகிறது. அப்பா அதை ஏற்பதில்லை என்று வைல்டர் கவனமாகக் காட்டுகிறார். 1998இல் மினசோட்டாவில் டகோட்டா இனத்தைச் சேர்ந்த அறிஞர் வசியாதாவின், இந்தப் புத்தகத்தை வகுப்பில் வாசிக்கக் கேட்டுத் தன் எட்டு வயது மகள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள் என்று பள்ளி நிர்வாகத்திடம் போய் நின்றார். பின்னால் வரிசையில் அப்பா ஏற்கவில்லையே என்பது அந்தக் குழந்தைக்கு எப்படிக் கேட்கும்?

இதையெல்லாம்விட என்னை உலுக்கிய இடம் வேறு. ஓசேஜ் மக்கள் ஊரைக் காலிசெய்து வரிசையாகக் குதிரையில் போகிறார்கள். சின்ன லாரா வாசலில் நின்று பார்க்கிறாள். குதிரையின் பக்கவாட்டுக் கூடையில் ஒரு குழந்தை, கறுத்த கண். அந்தக் குழந்தை எனக்கு வேண்டும் என்று அழுது அடம்பிடிக்கிறாள். பெற்றவர்கள் அதட்டுகிறார்கள். இந்த இடத்தைக் குழந்தையின் அன்பு என்று பாராட்டியிருக்கிறார்கள். குழந்தையின் அன்புதான், யார் இல்லையென்றது? ஆனால் நிலத்தை எடுத்த பிறகு அடுத்து எடுக்கவேண்டியது பிள்ளைகளை என்பது எட்டு வருஷத்தில் அமெரிக்க அரசின் கொள்கையாகவே ஆனது. 1879இல் பென்சில்வேனியாவில் ராணுவ முகாம் ஒன்றில் கார்லைல் பள்ளி திறக்கப்பட்டது. திறந்தவர் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி. இந்தியனைக் கொன்று மனிதனை மீட்பது என்பது அவர் கல்விக் கொள்கை.

ஒரு சின்ன விஷயம், போகிற போக்கில். கான்சஸில் குடும்பமே மலேரியாவில் விழுந்து கிடந்தபோது காப்பாற்றிய டாக்டர் ஜார்ஜ் டான், ஒரு கறுப்பர். ஓசேஜ் மக்களுக்கும் வைத்தியம் பார்த்தவர். நாவலில் நன்றியோடு வருகிறார். ஆறு வருஷம் கழித்து வந்த இன்னொரு நாவலில், 1941இல், அப்பாவும் நண்பர்களும் முகத்தில் கரிபூசிக்கொண்டு கறுப்பரைப்போல ஆடிப்பாடி ஊரைச் சிரிக்கவைப்பது குடும்பத்தின் இனிய ஞாபகமாக எழுதப்பட்டிருக்கிறது. நன்றி எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு அளவு.

ஏழை வெள்ளையன் என்ன செய்வான், அவனும் பாவம், ரயில் கம்பெனிக்கும் வங்கிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன்தானே என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். சரியான கேள்வி. சார்ல்ஸ் இங்கல்ஸ் ஜமீன்தார் இல்லை. வாழ்நாள் முழுக்க ஓடியும் நிலம் அவருக்கு நிலைக்கவில்லை. கடைசியில் டி ஸ்மெட் ஊருக்குள் ஒரு வீடு, தச்சுவேலை, அவ்வளவுதான். அரசும் ரயிலும் தாங்கள் நேரே செய்யமுடியாததை இந்த மாதிரி ஏழைகளை முன்னால் அனுப்பிச் செய்துகொண்டன. வியர்வை அவர்களுடையது, லாபம் வேறெங்கோ போனது. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் முன்னால் அனுப்பப்பட்ட ஏழை, தன் காலடியில் கிடந்தவனைப் பார்த்து இங்கே மனிதர்களே இல்லை என்று எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். வர்க்கத்தைச் சொல்லி இதை அழித்துவிட முடியாது. இந்த வாதத்தை நாம் வேறு வேறு பெயர்களில் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்.

இரண்டாவது டீச்சர் 1876இல் பிறந்தவர். அதே டகோட்டா பிரதேசத்தின் தெற்கு ஓரத்தில், மிசூரி நதிக்கரையில், யாங்க்டன் ஒதுக்கீட்டு நிலத்தில். முதலில் இருந்த பெயர் கெர்ட்ரூட் சிம்மன்ஸ். தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் ஜிட்கலா-ஷா, சிவப்புப் பறவை என்று அர்த்தம். வெள்ளைக்கார அப்பா விட்டுப்போய்விட்டார், வளர்த்தது அம்மா. 1858இல் யாங்க்டன் மக்கள் ஒரு ஒப்பந்தத்தில் 1 கோடியே 10 லட்சம் ஏக்கருக்கு மேல் விட்டுக்கொடுத்துவிட்டு 4 லட்சத்துச் சொச்சம் ஏக்கருக்குள் அடைந்துகொண்டார்கள். அப்படிப் போன கிழக்கு டகோட்டா நிலத்தில்தான் இருபது வருஷம் கழித்து டி ஸ்மெட் என்ற ஊர் முளைத்தது. ஆக, லாரா 20 டாலருக்குப் பாடம் சொன்ன பலகைக் குடிசை ஜிட்கலா-ஷாவின் முன்னோர் மண்ணில் நின்றது. நான் இழுத்துக் கட்டுகிற உருவகம் இல்லை இது, வரைபடத்தில் இருப்பது.

1884. லாரா டீச்சராக இருந்த வருஷங்களின் நட்டநடு. எட்டு வயது ஜிட்கலா-ஷாவை மிஷன்காரர்கள் இந்தியானா மாநிலத்துக்கு, வாபாஷ் ஊரில் இருந்த ஒரு குவேக்கர் பள்ளிக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே சிவப்பு ஆப்பிள் மரம் மரமாகக் காய்க்கும், கை கொள்ளுமட்டும் பறித்துத் தின்னலாம் என்று ஆசைகாட்டினார்கள். அம்மாவுக்கு மனசில்லை. பிள்ளை அழுது அடம்பிடித்ததால் விட்டார். போன புதிதிலேயே முடியை வெட்டப்போகிறார்கள் என்று தெரிகிறது. அவர்கள் சனத்தில் துக்கம் காக்கிறவர்கள்தான் முடியைக் குறைப்பார்கள், எதிரியிடம் பிடிபட்ட கோழைக்குத்தான் முழுசாக வெட்டுவார்கள். மாடியில் ஒரு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். இழுத்து வந்து நாற்காலியில் கட்டி வெட்டுகிறார்கள். கழுத்தில் கத்தரிக்கோலின் குளிர்ச்சி படுகிற இடத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றிய கதை கேட்டு வளர்ந்த யாருக்கும் அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை பின்னால் கல்லூரிக்குப் போய், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கி, 1897இல் கார்லைல் பள்ளியிலேயே டீச்சராகச் சேர்ந்தது. தன்னை அரைத்த இயந்திரத்தில் தானே ஒரு பல்சக்கரமாக. அங்கே அவருக்கு வந்த முக்கியமான வேலை பாடம் சொல்வது மட்டும் இல்லை. ஊருக்குப் போய் இன்னும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் அம்மாவின் வீடு ஒழுகுகிறது. படித்த அண்ணனுக்கு அரசு அலுவலகத்தில் இருந்த வேலை போய்விட்டது, சனத்துக்கு நியாயம் கேட்டதுதான் குற்றம். சுற்றிலும் வெள்ளைக் குடியேறிகள் நெருக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஜிட்கலா-ஷா வேலையை விட்டார். 1900இல் 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகையில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதம் தொடர்ந்து மூன்று கட்டுரைகள். பிள்ளைப்பருவம், பள்ளிக்கூடம், மூன்றாவது டீச்சராக இருந்த அனுபவம். மூன்றாவதுதான் மூன்றிலும் கூர்மை. கார்லைலைப் பார்வையிட வருகிற வெள்ளைக்காரக் கனவான்களை அதில் எழுதுகிறார். பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்து, காட்டுமிராண்டிகளை இவ்வளவு படிக்கவைத்துவிட்டோமே என்று தங்களையே மெச்சிக்கொண்டு போகிறவர்கள். இந்த நாகரிகத் தோற்றத்துக்கு அடியில் உயிர் இருக்கிறதா, நீண்டு இழுக்கிற சாவு இருக்கிறதா என்று நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை என்கிறார்.

சும்மா இருப்பார்களா? கார்லைலின் சொந்தப் பத்திரிகை அவரைப் பிடித்துக்கொண்டது. இந்த இங்கிலீசு யார் போட்ட பிச்சை, உன்னைப் படிக்கவைத்தவர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை உண்டா என்கிற தொனி. படித்துவிட்டுப் பேசுகிறவன்மேல் எந்த ஊரிலும் முதலில் விழுகிற கல் இதுதான்.

இரண்டு டீச்சர்களின் எழுத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் வடிவத்தின் வித்தியாசம் தெரியும். லாராவின் உலகம் முழுசானது. அப்பா பிடில் வாசிக்கிறார், விளக்கு எரிகிறது, கதவு தாழிட்டிருக்கிறது, ஓநாய் வெளியே. எது கெட்டாலும் அத்தியாயம் முடிவதற்குள் கூடிவிடும். ஜிட்கலா-ஷாவுக்கு அந்த முழுமை கைகூடவேயில்லை. அறுந்து அறுந்து வருகிறது, ஒரு காட்சி சட்டென்று நின்றுபோகிறது, கோபம் வந்து வாக்கியத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கலையில் குறை என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. அம்மாவின் மொழியைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கியவர்களின் மொழியில் அம்மாவைப் பற்றி எழுதச்சொன்னால் வேறெப்படி வரும்? அவர் எழுத்தில் சில இடங்களில் விக்டோரியக் கால அலங்காரம் பொறுக்க முடியாதபடி இருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் லாரா இறுக்கி மூடிய கதவு இங்கே திறந்து கிடக்கிறது.

அவரைச் சாமியாக்கவும் வேண்டாம். பூர்வகுடிகளின் புதிய வழிபாட்டில் இருந்த பெயோட்டி என்ற கள்ளிச்செடிக்கு எதிராக 1910களின் கடைசியில் வாஷிங்டனில் போய்ச் சாட்சி சொன்னார். மிஷன் பள்ளியின் ஒழுக்கம் அவருக்குள்ளும் ஊறிக்கிடந்தது. ஆனால் 1924இல் ஓக்லஹோமாவில் எண்ணெய் கிடைத்த நிலங்களுக்குச் சொந்தக்காரர்களான பூர்வகுடிப் பிள்ளைகளைப் பாதுகாவலர் என்ற பெயரில் வக்கீல்களும் நீதிபதிகளும் கொள்ளையடித்ததை, ஊர் ஊராகப் போய் விசாரித்து, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து அறிக்கையாக வெளியிட்டார். 1926இல் பூர்வகுடிகளின் தேசியக் கவுன்சிலைத் தொடங்கி, 1938இல் சாகும்வரை அதன் தலைவராக இருந்தார். அதே வருஷங்களில் மிசூரி மாநிலத்துப் பண்ணை வீட்டில் லாரா தன் நாவல்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தார்.

2018இல் அமெரிக்க நூலகர் சங்கத்தின் குழந்தை நூலகப் பிரிவு, 1954 முதல் லாராவின் பெயரில் இருந்த விருதின் பெயரை மாற்றியது. பெரிய கூச்சல். புத்தகத்தைத் தடைசெய்துவிட்டார்கள் என்றுகூட எழுதினார்கள். ஒரு பிரதியையும் யாரும் தடைசெய்யவில்லை, எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கிடைக்கட்டும். 2024இல் ஜிட்கலா-ஷாவின் உருவத்தை அமெரிக்க அரசு கால் டாலர் நாணயத்தில் பொறித்தது. அதே 2024 ஜூலையில் அரசின் உள்துறை வெளியிட்ட அறிக்கை, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் குறைந்தது 973 பிள்ளைகள் செத்திருக்கிறார்கள் என்று உறுதிசெய்தது. அக்டோபரில் அப்போதைய ஜனாதிபதி பைடன் மன்னிப்புக் கேட்டார்.

என்னைக் கேட்டால், லாராவின் பள்ளிக்கூடத்து அத்தியாயங்களையும் ஜிட்கலா-ஷாவின் மூன்றாவது கட்டுரையையும் ஒரே வகுப்பில், ஒரே வாரத்தில் வாசிக்கவேண்டும். முன்னதை முதலில். அந்தப் பெண்ணின் குளிரும் பயமும் 20 டாலரும் மனசில் ஏறிய பிறகு பின்னதை எடுக்கவேண்டும்.

பின்னதில் ஒரு இடம் உண்டு. பிள்ளை பிடிக்க வந்த மகளும் தாயும் ராத்திரியில் வீட்டு வாசலில் இருக்கிறார்கள். நதியை ஒட்டிய மேட்டில் அங்கங்கே வெளிச்சம் மினுக்குகிறது. புதிதாக வந்து இறங்கிய வெள்ளைக் குடியேறிகளின் வீடுகள். லாராவின் புத்தகங்களில் பத்து அத்தியாயத்துக்கு ஒருமுறை ஜன்னலில் எரிகிற விளக்கு மாதிரிதான் அதுவும், அங்கேயும் ஒரு குடும்பம் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும், ஒரு பெண் நாளைக்குச் சொல்லவேண்டிய பாடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தாய் அந்த வெளிச்சங்களை மகளுக்குக் காட்டுகிறார். பிறகு எழுந்து நின்று, முஷ்டியை மடக்கி, அவற்றைப் பார்த்துக் கையை வீசிச் சாபம் இடுகிறார்.